நூற்று நாற்பத்தேழு கட்டங்கள்

கண் இரண்டும் நன்றாகத் தெரிந்தும் எதையும் பார்க்காத மனிதர்களில் பல ரகம் உண்டு. அவற்றில் அரசாங்கமே சம்பளமும் வண்டியும் கொடுத்து வளர்க்கும் உயர்ந்த ரகம் ஒன்றை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர் பெயர் பட்டியல்காரர்.

அடையாளம் சுலபம். கழுத்தில் அட்டை, கையில் படிவம் செருகிய பலகை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று வேண்டுமே, டிக் போடாமல் ஒரு நிமிடம் வீணாகிவிட்டால் நாடு என்ன ஆவது? நடக்கும்போதும் பார்வை பலகையை விட்டு விலகாது. தூணில் முட்டிக்கொண்டால்கூட, ‘தூண்கள் உறுதியாக உள்ளனவா’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் நெற்றியைத் தடவிக்கொள்வார்.

மின்வேலை, குழாய்வேலை, லிஃப்ட் பழுதுபார்ப்பு என்று தொழில் கற்றுக்கொடுக்கும் நிறுவனங்கள் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கின்றனவா என்று பார்த்து அனுமதி வழங்குவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அங்கே நான் எழுத்தர். ஆறு வருடங்களாகப் பட்டியல்காரருக்குப் பின்னால் கோப்பும் அளவு நாடாவும் தூக்கிக்கொண்டு போகிறவன். ஆகவே நான் சொல்வதில் பொய் கிடையாது, பொறாமை மட்டும் கொஞ்சம் இருக்கலாம்.

படிவத்தில் நூற்று நாற்பத்தேழு கட்டங்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா? புகார்ப் பெட்டி இருக்கிறதா? பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா? பூட்டுக்குச் சாவி இருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பதிவேடு இருக்கிறதா? ‘எங்கள் இலட்சியம்’ என்ற பலகை தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொங்குகிறதா? எல்லாம் இருக்கும். யாராவது எதையாவது கற்றுக்கொண்டார்களா என்ற ஒன்றுதான் இருக்காது. அது பெரிய விஷயம், ஒரு கட்டத்துக்குள் அடங்காது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். ஒருநாள் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் சாப்பிட உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவி பரிமாறிக்கொண்டே, “சாப்பாடு எப்படிங்க இருக்கு?” என்றார்.

“உப்பு இருக்கு. காரம் இருக்கு. தண்ணி வெச்சிருக்கே. எல்லாம் இருக்கு.”

“நல்லா இருக்கான்னு கேட்டேன்.”

பட்டியல்காரர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். இருபது வருடமாக இவரோடு குடித்தனம் நடத்தும் அந்த அம்மாளுக்கு ஒரு விருது கொடுக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

இந்தப் படிவத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். வருடந்தோறும் சொல்கிறார்கள். அதற்கென்று ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், எல்லோருக்கும் பிஸ்கட். நான் வேலையில் சேர்ந்தபோது நாற்பது கட்டங்கள் இருந்தன. ‘சுமையைக் குறைத்தல்’ என்ற தலைப்பில் குழு கூடி, ஆளுக்கொரு கட்டத்தை நீக்கச் சொல்லி ஆளுக்கு நான்கைச் சேர்த்துவிட்டு எழுந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். எங்கள் படிவம் கட்டெறும்பாக உள்ளே போய்க் கழுதையாக வெளியே வந்தது.

கட்டங்கள் பெருகினால் ஏமாற்றுகிறவன் மாட்டுவான் என்பது குழுவின் நம்பிக்கை. ஏமாற்றுகிறவனுக்கோ கொண்டாட்டம். என்னென்ன பார்ப்பார்கள் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிட்டதே! மூன்று வருடம் முன்பு ஒருநாள், கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்குக் காலையில் போனோம். லிஃப்ட் மோட்டார் ஒன்று பளபளவென்று வைத்திருந்தார்கள். பட்டியல்காரர் டிக் போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்ட பச்சை வில்லை ஒன்றை அதன் மேல் ஒட்டினார். மத்தியானம் வேறொரு நிறுவனம். அங்கேயும் ஒரு மோட்டார், அதே பளபளப்பு. அதன் மேல் அன்றைய தேதியிட்ட பச்சை வில்லை, அதில் இவருடைய கையெழுத்து.

அவர் குனிந்தார், வில்லையைத் தடவினார், நிமிர்ந்தார்.

“இது ஏற்கெனவே பார்த்தாச்சு. நல்லது, நேரம் மிச்சம்” என்று டிக் போட்டார்.

மூன்றாவது நிறுவனத்துக்கு நாங்கள் மோட்டாரை முந்திக்கொண்டு போய்விட்டோம். அது வேனில் வந்து இறங்கும்வரை டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். இறக்கும்போது வேன் கதவில் இடிக்கிறது என்று அதன் பக்கச் சக்கரத்தைக் கழற்றி எறிந்தார்கள். மூன்று நிறுவனங்களுக்கும் ஐந்து நட்சத்திரம்.

இனி லிஃப்ட் அக்கா. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, சொந்தமாகப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறவர். இடது கை சுண்டுவிரலில் பாதி கிடையாது. அந்தப் பாதியைக் காட்டித்தான் முதல் பாடத்தை ஆரம்பிப்பார். இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்து முழு லிஃப்டையும் பெயர்த்து வந்து, உயரமான ஒரு கொட்டகைக்குள் இரும்புச் சட்டம் கட்டி ஓட விட்டிருந்தார். காலையில் தானே அதைக் கெடுத்து வைப்பார், சாயங்காலத்துக்குள் மாணவர்கள் சரி செய்ய வேண்டும். பன்னிரண்டு பேர். மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிகூட அவர்களில் உண்டு. பத்து மாதம் முடிந்து, உரிமத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

லிஃப்ட் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பட்டியல்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இலட்சியப் பலகையைத் தேடினார். இல்லை. புகார்ப் பெட்டி? இல்லை. இருநூறு சதுர அடி நூலகம்? லிஃப்ட் இருக்கும் இடத்தை விட்டால் கொட்டகையில் நூலகத்துக்கு ஏது இடம்!

“சார், ஒரே ஒரு தடவை இவங்க வேலை செய்றதைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் போதும்” என்றார் அக்கா.

“பார்க்கலாம்மா. ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே.”

மறுவாரம் உத்தரவு போனது. அனுமதி ரத்து. முப்பது நாளுக்குள் குறைகளைச் சரி செய்யாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் தேர்வு எழுத முடியாது. தட்டச்சு செய்தவன் நான்தான். ஒரு பிழைகூட இல்லை.

அக்கா மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், கூடவே அந்த பில் போடும் பெண்மணி. அதே நேரத்தில் நானும் பட்டியல்காரரும் லிஃப்டில் கீழே இறங்கினோம். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

பட்டியல்காரர் பதறவில்லை. லிஃப்டுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த சான்றிதழை உன்னிப்பாகப் படித்தார்.

“இது நடப்புலதான் இருக்கு. அப்படின்னா நிக்கவே கூடாதே!” என்றார்.

லிஃப்டுக்கு அது தெரியவில்லை. நான் கதவைத் தட்டினேன். வெளியிலிருந்து ஒரு குரல்: “கதவுல கை வைக்காதீங்க. உள்ள எத்தனை பேர்? பயப்படாதீங்க, காத்து வரும்.”

“யாரும்மா அது? உங்க அனுமதி எண் என்ன?” என்றார் பட்டியல்காரர்.

“போன வாரம் நீங்க ரத்து பண்ணீங்களே சார், அதே எண்தான்.”

“அப்ப எதையும் தொடாதீங்க! அனுமதி உள்ள ஆள் வரட்டும்.”

நாற்பது நிமிடம் வியர்த்துக் கொட்டியது. அனுமதி உள்ள ஆள் வந்தார். கண்ணாடிக் கட்டடத்தில் படித்தவர், கழுத்தில் டையும் அட்டையும். மோட்டார் அறைக்கு ஏறிப் போய்விட்டு இறங்கி வந்து அவர் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“மேல ஒரு சக்கரம் இருக்குங்க. எங்க மோட்டார்ல அது கிடையாது. அது எதுக்குன்னு தெரியலை.”

ஆறு வருடத்தில் முதல் முறையாக நான் வாயைத் திறந்தேன். “அக்கா, நீங்களே திறங்க!” என்று கத்தினேன். பட்டியல்காரர் முறைத்த முறைப்பில் லிஃப்டே இறங்கியிருக்க வேண்டும்.

பில் போடும் பெண்மணி மேலே போனார். மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, அந்தச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். அக்கா கதவருகே நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்” என்று மேலே குரல் கொடுத்தார். பத்தே நிமிடம். கதவு திறந்தது. ஏட்டுச் சுரைக்காய் டையைச் சரி செய்துகொண்டு ஓரமாக நின்றது.

“இப்ப பார்த்துட்டீங்கல்ல சார், வேலை தெரிஞ்சவங்களா இல்லையான்னு” என்றார் அக்கா.

பட்டியல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“பார்த்தேன்மா. ரொம்ப நல்லா செஞ்சாங்க. ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே.”

அன்று மாலையே குழுவுக்கு ஒரு பரிந்துரை எழுதினார். நூற்று நாற்பத்தெட்டாவது கட்டம்: ‘அனுமதி ரத்தான நிறுவனத்தினர் அரசு லிஃப்டைத் தொட்டது உண்டா?’ குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அது.

இருபத்தெட்டாவது நாள் மறு ஆய்வுக்கு அக்கா அழைத்தார். போனோம். ஐந்தடி உயரத்தில் இலட்சியப் பலகை. பூட்டோடு புகார்ப் பெட்டி, சாவி, பதிவேடு. கொட்டகையின் நடுவே புத்தக அலமாரிகள். நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். “இருநூத்தி மூணு சதுர அடி சார்” என்று உரக்கச் சொன்னேன். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். இரும்புச் சட்டம் இருந்த இடத்தில் கூரை மட்டும் இருந்தது.

“லிஃப்ட் எங்கக்கா?”

“பழைய இரும்புக்குப் போட்டாச்சு தம்பி. பன்னிரண்டு பேரா, லிஃப்டான்னு வந்துச்சு. நான் என்ன பண்ண?” என்றார். பாதிச் சுண்டுவிரல் இருந்த கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

பட்டியல்காரர் மனதாரப் பாராட்டினார். ஐந்து நட்சத்திரம். பன்னிரண்டு பேரும் தேர்வு எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அடுத்த அணியினர் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

பாவம், பட்டியல்காரரைத் திட்டாதீர்கள். திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளியில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? கட்டடம், ஏசி, வண்டி, வாசலில் மதிப்பெண் பலகை. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? நேற்று சாயங்காலம் வீடு திரும்பிய பிள்ளையிடம் “இன்னைக்கு என்ன புரிஞ்சுது?” என்று கேட்டீர்களா, “எத்தனை மார்க்?” என்று கேட்டீர்களா?

பதில் எனக்கு வேண்டாம். அடுத்த முறை லிஃப்டில் ஏறும்போது, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழைப் பார்ப்பீர்கள் அல்லவா? பார்த்ததும் மனதுக்கு நிம்மதியாக இருக்கிறதா? அப்படியானால் வணக்கம் சார், நீங்கள் முன்னால் போங்கள். நான் படியேறி வருகிறேன்.