படத்தில் மின்னுகிற அப்பா

நான் பெரிய கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்க மணியை அமத்தக்கூட வெட்கம். வேறு யாராவது அமத்துகிற தரிப்பிடத்தில் இறங்கி, வீட்டுக்குத் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் குடலில் கட்டி வந்தது. டொக்டர்மார் அதை வெட்டி எடுத்து, மிஞ்சிய குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி மலம் போவது அந்த வழியால்தான், சாகும்வரை.

உயிர் தப்பியது. மற்றதெல்லாம் சுருங்கிவிட்டது. பை ஒட்டிய தோல் புண்ணாகி எரிந்தது. நித்திரையில் பை கழன்றுவிடுமோ என்ற பயத்தில் மனைவி றெஜினாவை விட்டு வேறு அறையில் படுத்தேன். வயிற்றை அவளுக்குக் காட்டவேயில்லை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்டில் தமிழ்ப் பூசைக்குப் போவதையும் நிறுத்தினேன். எல்லோரும் அமைதியாக முழந்தாளில் நிற்கிற நேரம் பார்த்துத்தான் அது சத்தம் போடும். (வாயை மூடலாம். இதற்கு மூடி இல்லை.)

இந்த நிலையில் மகள் அனிற்றாவுக்குக் கல்யாணம் சரிவந்தது.

"அப்பா, சேர்ச்சுக்குள்ள நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"மாமா கூட்டிக்கொண்டு போகட்டும் பிள்ளை."

"மாமாவோ? அப்ப நான் தனியவே நடக்கிறன்."

மிச்சத்தை டெனிஷில் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் தீர்ந்துவிடும். அன்றிரவு அழுதாள் என்று றெஜினா சொன்னாள். நானே கூட்டிக்கொண்டு போக ஓம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கிற தாதி, "ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று கேட்டாள். கேட்க நூறு கேள்வி இருந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்து, ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளையால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரும்? தவக்காலத்திலேயே ஒழுங்காக ஒருசந்தி விரதம் பிடிக்காத நான், கல்யாணத்துக்கு முன் இரண்டு நாள் வெறும் தேத்தண்ணியோடு இருந்தேன். பை வெளியே தெரியாமல் இருக்க பெல்ட்டையும் இறுக்கினேன்.

கல்யாணத்தன்று சேர்ச்சுக்குள் நடை நன்றாகத்தான் போனது. அனிற்றா என் கையை விடாமல் பிடித்திருந்தாள். முன்வாங்கில் போய் உட்கார்ந்தேன். சுவாமி அவளிடம் சம்மதம் கேட்டார். சபை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

என் வயிறு பதில் சொன்னது.

சின்னச் சத்தமல்ல. தொழிற்சாலையில் பழைய மெஷின் கிளம்புகிற மாதிரி நீண்ட உறுமல். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அனிற்றாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் செத்துப்போனேன். கோட்டுக்குள் பை பலூன் மாதிரி ஊதியது, பெல்ட் அதை அமுக்கியது, ஒட்டியிருந்த ஓரம் விட்டுக்கொடுத்தது. சூடாக ஏதோ பரவியது. பிறகு மணம்.

பக்கக் கதவால் ஓடிக் கழிவறைக்குள் புகுந்தேன். பின்னாலேயே றெஜினா வந்தாள், கைப்பையில் மாற்றுப் பையோடு. அவளே கழற்றினாள், துடைத்தாள். சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்த குடல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்கோ இவ்வளவு நாளும் தனியப் படுத்தனீங்கள்?"

சேர்ட்டும் கோட்டும் போய்விட்டன. (காற்சட்டை கறுப்பு. தப்பியது.) பூசை முடிகிற நேரம் றெஜினா போய்த் தேடினாள். காரில் இருந்தது என் தொழிற்சாலை ஜாக்கெட் மட்டும். செம்மஞ்சள் நிறம், நெஞ்சிலும் கையிலும் வெள்ளிப் பட்டி.

"நான் வீட்டை போறன்" என்றேன்.

"போங்கோவன். அவள் படம் எடுக்காமல் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

போட்டுக்கொண்டு போனேன். அனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நான் ஓம் சொல்ல முதல் நீங்கள் சொல்லிப்போட்டீங்கள் அப்பா!" மணம் இருக்குமோ என்று தள்ளி நின்ற என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தாள். கமராவின் வெளிச்சம் பட்டிகளில் பட்டுத் தெறித்தது.

அடுத்த முறை தாதியிடம் வாய் திறந்து கேட்டேன். பட்டினி கிடந்தால்தான் காற்று கூடும், நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். இப்போது சாப்பிடுகிறேன், பூசைக்குப் போகிறேன், றெஜினாவோடு பழைய அறையில் படுக்கிறேன். பஸ் மணியை மட்டும் இன்னும் அமத்துவதில்லை.

அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கண்ணிலும் படக்கூடாது என்று இருந்த நான் நடுவில் மின்னிக்கொண்டு நிற்கிறேன். மாரிக் குளிரில் பின்னேரமே இருட்டிவிடும். வீட்டுக்கு வருகிற அனிற்றா, சுவிட்சைத் தேடுகிற புருஷனிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்:

"லைற் என்னத்துக்கு? அப்பா இருக்கிறார்தானே."