எங்கள் வீட்டு அந்நிய நேரடி முதலீடு

ஒரு நாடு வளர்கிறதா என்று அறிய அதன் வயலையும் ஆலையையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விவரம் இல்லாதவர்கள். கடனைப் பார்க்க வேண்டும். கடன் ஏறினால் நாடும் ஏறுகிறது. இந்த மேலான அளவுகோலின்படி, புதுப்பட்டினத்திலேயே அதிவேகமாக வளரும் பொருளாதாரம் எங்கள் வீடுதான். இரண்டு அறை, ஒரு ஷேர் ஆட்டோ, மூன்று பேர். இவ்வளவு சின்ன இடம் இவ்வளவு வேகமாக வளர்ந்ததாக என் பதினோராம் வகுப்பு வணிகவியல் புத்தகத்தில்கூட இல்லை.

எல்லாம் ஆல்வின் மாமாவின் கருணை. அம்மாவின் தம்பி. தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் சூப்பர்வைசர். ஒரு கணக்காளரின் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் மூன்று வருடம் படுத்து, உலகப் பொருளாதாரம் முழுவதையும் கற்றுக்கொண்டவர். அப்பா ஷேர் ஆட்டோ வாங்க இரண்டு லட்சம் கேட்டபோது உடனே அனுப்பினார். வட்டி மாதம் இரண்டு சதவிகிதம். ஆட்டோவின் ஆர்.சி. புத்தகம் மட்டும் பாதுகாப்புக்காக மதுராந்தகத்தில் மாமாவின் மனைவி, அதாவது என் அத்தையின் பீரோவுக்குப் போனது.

அம்மா அதைக் 'கடன்' என்று சொல்லிவிட்டாள். மாமா மனம் நொந்துபோனார்.

"யக்கா, கடன்னு சொல்லாத, அசிங்கமா கீது. இது ஃபாரின் இன்வெஸ்ட்மென்ட்டு."

மாமல்லபுரத்துக்கு ஓட்டியதில் டீசலும் சாப்பாடும் போக, அப்பாவிடம் முதல் மாதமே வட்டிக்குப் பணம் இல்லை. மாமா கோபப்படவில்லை. வட்டிக்கு வேண்டிய நாலாயிரத்தைத் தானே அனுப்பினார். அது காலையில் அப்பாவின் கணக்கில் வந்து, மாலையில் வட்டியாக அத்தையின் கணக்குக்குப் போனது. அனுப்பிய நாலாயிரம் 'புதிய முதலீடு' என்று அசலில் சேர்ந்தது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

"காலைல வர்து, சாயங்காலம் போவுது. நடுவுல நம்ம வூட்ல ஒரு டீ கூட குடிக்கல அந்தத் துட்டு" என்றாள் அம்மா. பொருளாதாரம் படிக்காதவள்.

நான் படித்தவள் என்பதால் மாமா என்னை 'ஆய்வுத் துறைத் தலைவர்' ஆக்கினார். மாதாமாதம் வந்த பணத்தைக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைபடமாகப் போடுவது என் பொறுப்பு. போன பணத்தை வரையத் தேவையில்லை. அது படத்தின் அழகைக் கெடுக்கும் என்றார். கோடு ஏறிக்கொண்டே போனது. இரண்டு வருடத்தில் இரண்டு லட்சம், மூன்று லட்சத்து இருபத்தோராயிரம் ஆனது. அந்த மாதம்தான் நாங்கள் மிக்ஸியை விற்றோம்.

முதலீட்டாளருக்கு நிர்வாகத்தில் குரல் வேண்டாமா? வீட்டில் மாமாவுக்கு அறுபது சதவிகித வாக்கு. அப்பாவுக்கு இருபது, அம்மாவுக்கு இருபது. ஞாயிறு தோறும் சர்ச் முடிந்ததும் அரிசி டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கூட்டம் நடக்கும். சங்கரா மீனா, முட்டையா என்பது வாக்கெடுப்புக்குப் போகும். அம்மாவும் அப்பாவும் மீனுக்குப் போடுவார்கள். தோஹாவில் இருந்தபடி மாமா முட்டைக்குப் போடுவார். முட்டை வெல்லும். ஜனநாயகம் அத்தனை துல்லியமாக வேறெங்கும் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்றைய கூட்டத்தில் ஒரே பொருள். கடன் வளர்ந்துவிட்டதால் அதைப் 'பங்காக' மாற்ற வேண்டும் என்றார் மாமா.

"எதுல பங்கு? வூடு பொறம்போக்கு. ஆட்டோ புக்கு உங்கிட்ட கீது" என்றார் அப்பா.

"வேற இன்னா கீது? போன அந்தாண்ட திருப்பு மச்சான்" என்றார் மாமா.

அப்பா போனை மெதுவாகத் திருப்பினார். மின்விசிறி, டிவி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் மாமா மதிப்பிட்டார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் மூலையில் உட்கார்ந்து கூட்டத்தில் பேசுவதையெல்லாம் மினிட்ஸாக எழுதிக்கொண்டிருந்த என்னிடம் போன் வந்து நின்றது.

"ஜெனி கீதே" என்றார் மாமா.

மதுராந்தகத்தில் அத்தை வைத்திருக்கும் மொபைல் கடையில் நான் இருக்க வேண்டும். தங்கல், சாப்பாடு அங்கேயே. கடை மூடியபின் அவருடைய இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். சம்பளம் ஆறாயிரம், அது என் கைக்கு வராது, வட்டியில் கழியும். எவ்வளவு நாள் என்று அம்மா கேட்டாள். அசல் தீரும் வரை என்றார்.

பங்காக மாறியபின் வட்டி எதற்கு என்று கேட்பது முதலீட்டாளரின் நம்பிக்கையைக் குலைக்கும். நான் கணக்கு மட்டும் போட்டேன். வட்டி ஆறாயிரத்து நானூற்று இருபது, சம்பளம் ஆறாயிரம். மாதம் நானூற்று இருபது அசலில் ஏறும். அதாவது, நான் உழைக்க உழைக்க முதலீடு வளர்ந்துகொண்டே இருக்கும். உலகில் எந்தப் பொருளாதார நிபுணரும் இப்படியொரு திட்டத்தை யோசித்திருப்பாரா?

அம்மா போனுக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம தாத்தாவும் நெல்லுக் கடனுக்குத்தான் பண்ணைக்குப் போனாரு, ஆல்வினு. அங்கியே செத்தாரு. அவுர இட்டுகினு போனப்ப மீட்டிங்கு வெக்கல, அவ்ளோதான் வித்தியாசம்."

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஜெனி, அத மினிட்ஸ்ல ஏத்தாத."

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு அறுபது, எதிர்ப்பு இருபது. அப்பா கை தூக்கவே இல்லை. தலையைக் குனிந்து ஆட்டோ சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாக்கு இல்லை. நான் சொத்துப் பட்டியலில் இருந்தேன்.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளை திங்கள்கிழமை, நான் கிளம்ப வேண்டும். மதுராந்தகத்துக்குச் செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். திங்கள்கிழமைகளில் அங்கே கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். இவ்வளவு பெரிய முதலீட்டாளரை மாவட்ட ஆட்சியருக்குத் தெரியாமல் மறைத்து வைப்பது நன்றிகெட்டதனம் அல்லவா? மினிட்ஸை, தாத்தாவையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் நகல் எடுத்துவிட்டேன். மேலே மாமாவின் சாதனைக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. மனுவில் எழுதுகிற முறைப்படியே எழுதினேன்:

பொருள்: கடனுக்கு ஈடாகப் பதினாறு வயதுப் பெண்ணைக் கொத்தடிமையாக அனுப்புதல் – தொடர்பாக.