பதினேழாம் வாய்ப்பாடும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்

“கத்தாதீங்க!” என்று கணக்கு டீச்சர் கத்தினாள்.

“நானா கத்தறேன்? கத்தறது நானா?” என்று அவள் கணவர் அதைவிட உரக்கக் கேட்டார்.

“டிஸ்க்கை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னீங்க. மாத்தியாச்சு. இப்ப என்னவாம்?”

“புது டிஸ்க்லயும் அதே எர்ரர் வருது.”

“அப்ப பழைய டிஸ்க் நல்லாத்தான் இருந்திருக்கு.”

“இருந்திருக்கலாம்.”

“அதைத்தானே உள்ளே என்ன இருக்குன்னு பாக்கறேன்னு திறந்து போட்டீங்க?”

பதிலுக்கு ஒரு கனைப்பு மட்டும் வந்தது. வாதத்தில் தோற்ற ஆண்களுக்கு இந்தக் கனைப்பு பெரிய ஆறுதல்.

அவரைக் கட்டடத்தில் எல்லோரும் சர்வர்காரர் என்பார்கள். குடிவந்த புதிதில், “எங்க வீட்டுக்காரர் சர்வர் பாத்துக்கறார்” என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு, எந்த ஹோட்டலில் என்று விசாரித்தவர்கள் உண்டு. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில், சுவரை ஒட்டிய மேஜை மேல், ஒரு கறுப்புப் பெட்டி ராப்பகலாக முனகிக்கொண்டிருந்தது. லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் கம்ப்யூட்டர். தெருமுனைப் பல் டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரே படங்களெல்லாம் அதற்குள்தான் வந்து சேரும். கட்டடத்தில் பாதிப்பேரின் கடைவாய்ப் பற்கள் அதற்குள் இருந்தன என்பதால், அதன் ஆரோக்கியம் பொதுவிஷயம் ஆகிவிட்டது. இதை வம்பு என்று சொன்னால் பாவம்.

பல் டாக்டர் நல்லவர். ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? “தம்பி, நோயாளி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கும்போது படம் திறக்கலைன்னா நான் என்ன செய்யறது? நானும் பதிலுக்கு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறதா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் சர்வர்காரருக்கு மிச்சம் ஒரே வழிதான். டீச்சரின் அண்ணன் வேறு ஊரில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தார். அங்கே கணக்கு பார்க்க ஆள் தேவை. கிடங்கிலேயே ஓர் அறை தருவார். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து போகலாம். டீச்சரின் பள்ளிக்கூடம் இங்கே, அவர் அங்கே. கல்யாணமாகி இன்னும் கல்யாணப் படத்துக்குக்கூட ஆணி அடிக்கவில்லை, அதற்குள் ஆளுக்கொரு ஊர்.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே பெரிய வீடு. வீட்டுச் சொந்தக்காரர் நடுவில் பலகை அடித்து, சுண்ணாம்பு நிறத்தில் சாயம் பூசி, இரண்டு வீடு என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தார். பலகைக்கு இந்தப் பக்கம் சர்வர்காரர் தம்பதி, அதை ஒட்டி அவர்கள் மேஜை. அந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். டிரைவர் வீட்டம்மா யார் வம்புக்கும் போகாதவர், பிறர் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக எடுத்துக்கொள்ளும் குணம். அப்படிப்பட்டவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

பெட்டிக்குள் இருந்த டிஸ்க்குக்கு முழு உடல் பரிசோதனை நடந்தது. ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லுமாம்.

“என்ன சொல்லுது?” என்று டீச்சர் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமே இல்லை, நல்லா இருக்கேங்குது.”

“என் வகுப்புலயும் ஒருத்தன் இப்படித்தான். புரிஞ்சுதாடான்னா புரிஞ்சுது மிஸ்னு சொல்வான். பரீட்சையில வெள்ளைத் தாளைக் குடுப்பான்.”

அடுத்து கேபிள் மாற்றினார். எர்ரர் வந்தது. மின்சாரம் தரும் டப்பாவை மாற்றினார். எர்ரர் வந்தது. எப்போது வருகிறது என்று பிடிப்பதற்காக, ஒவ்வோர் எர்ரருக்கும் ‘டிங்’ என்று மணி அடிக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தார். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வியாதிக்கு அன்றிலிருந்து குரலும் வந்தது.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் அவரைத் தெருவில் நிறுத்தினார். “என்ன சார், கேபிள் மாத்தியும் குணமாகலையாமே? மணி வேற கட்டியிருக்கீங்களாம்?”

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிய வேகமே சரியில்லை.

“கேபிள் விஷயத்தைக் கடையில போய் சொன்னியா?”

“நானா? நீங்கதான் யாரைப் பாத்தாலும் டிஸ்க் புராணம் பாடறீங்க.”

“நான் யார்கிட்டயும் பேசல!”

டிங்.

“அப்ப மருந்துக்கடைக்காரருக்குக் கனவுல வந்து டிஸ்க்கே சொல்லிச்சா?”

டிங். டிங்.

டீச்சர் பேச்சை நிறுத்தினாள். மணியும் நின்றது.

“ஒண்ணு கவனிச்சீங்களா? நாம சண்டை போடும்போதுதான் இது அடிக்குது.”

“சண்டைக்கும் டிஸ்க்குக்கும் என்ன... இரு, இரு. இருக்கு!” நாற்காலி இழுபட்டது. “டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு மயிரிழை மேல ஒரு ஊசி மிதக்கும். பக்கத்துல நின்னு கத்தினா அது தடுமாறும். ஒருத்தர் டிஸ்க்கைப் பாத்துக் கத்தியே காட்டியிருக்கார்.”

“டிஸ்க்கைப் பாத்தா கத்தினார்?”

“ஆமா.”

“அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

எதையும் நிரூபிக்காமல் டீச்சரால் தூங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை வைத்தாள். சண்டை கூடாது, சத்தம் மட்டும் வேண்டும். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது பதினேழாம் வாய்ப்பாடு. இரண்டு பேரும் கறுப்புப் பெட்டியின் முன் நின்று, தொண்டை நரம்பு புடைக்க, ஓர் பதினேழு பதினேழிலிருந்து கத்தினார்கள். ஏழு பதினேழில் அவர் நூற்றுப் பதினேழு என்றார். “நூத்திப் பத்தொம்பது!” என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பத்துப் பதினேழு நூற்றெழுபது வரை போய்விட்டார்கள். மணி மூச்சுக்கூட விடவில்லை.

“போச்சு உங்க தியரி” என்றாள் டீச்சர்.

“இல்லை, எங்கயோ இடிக்குது. நாம கோபமில்லாம கத்தறோம்.”

“கோபமா இல்லையான்னு டிஸ்க்குக்குத் தெரியுமா?”

“பாத்துடுவோம். கோபம் வர்ற மாதிரி ஒரு விஷயம் எடு.”

“எங்கண்ணன் கிடங்கு.”

“உங்கண்ணனுக்கு நான் என்ன ஐஸ் கட்டியா, உள்ளே வெச்சுப் பூட்டிக்க?”

டிங்.

“பாத்தியா!”

“அவர் நல்லதுக்குத்தான் சொல்றார். போய்த் தொலைங்க அங்கேயே! எங்கண்ணனைக் குறை சொல்ல வந்துட்டார். கல்யாணத்தன்னிக்கு உங்க அக்கா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா?”

டிங். டிங்.

“என்ன சொன்னா?”

“அதைச் சொல்ல மாட்டேன்.”

மணி நிறுத்தாமல் அடித்தது.

“வாய்ப்பாட்டுக்கு அசையாத டிஸ்க் உங்க அக்கா பேரைக் கேட்டா ஆடிப்போகுது” என்றாள் டீச்சர்.

“என் அக்கா அப்படித்தான்” என்று அவர் மெல்ல ஒப்புக்கொண்டார். அந்த அக்கா என்னதான் சொன்னாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. இருவரும் சமையலறைக்குள் போய்ப் பேசிவிட்டார்கள்.

ஆக, கோபத்தில் கத்தும்போது வரும் அதிர்வுதான் காரணம் என்று முடிவாயிற்று. அதற்கும் வைத்தியம் பார்த்தார். மேஜை ஆடுகிறது என்று, நல்ல தடிமனான அலமாரித் தட்டு ஒன்றை வாங்கி, பலகைச் சுவரிலேயே துளைபோட்டு, நீள நீளமான திருகாணிகளால் முடுக்கி, அதன் மேல் பெட்டியை ஏற்றினார். “இனிமே பூகம்பம் வந்தாலும் அசையாது” என்றார். அன்று மாலையிலிருந்து எர்ரர் இரண்டு மடங்காயிற்று.

மிச்சமிருந்த வைத்தியம் ஒன்றுதான். குரலைக் குறைப்பது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் கிசுகிசுப்புதான். உப்பு எங்கே என்பதே ரகசியம். சண்டையையும் விடவில்லை, ஆனால் அதையும் கோயிலுக்குள் பேசுவதுபோல் பேசினார்கள். கட்டடமே கவலைப்பட்டது. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மேல்மாடியிலிருந்து விசாரித்தார்கள். டிரைவர் வீட்டம்மாவுக்கோ அதே சமயம் கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொண்டு, பாவம், தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடியே மருந்துக்கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்தார். அந்த வலியிலும், “டீச்சர், டிஸ்க் எப்படியிருக்கு?” என்று கேட்க மறக்கவில்லை.

டிஸ்க் மோசமாக இருந்தது. எவ்வளவு மெதுவாகப் பேசினார்களோ அவ்வளவு வேகமாக மணி அடித்தது. சர்வர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும், கத்தினால் கொஞ்சமும் கிசுகிசுத்தால் நிறையவும் கெடும் டிஸ்க்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் தோத்துட்டேன். கிடங்குக்கே போயிடறேன். மச்சானுக்குப் போன் போடு.”

“போட முடியாது.”

“ஏன்?”

டிங்.

“ஏற்கெனவே போட்டுட்டேன். என் வீட்டுக்காரர் வரமாட்டார், வேற ஆள் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்.”

டிங். டிங்.

“தினமும் போ, போன்னு என்னைத் துரத்தினியே?”

“போகமாட்டேன், உன்னை விட்டுட்டு இருக்கமாட்டேன்னு ஒரு தடவையாவது சொல்லுவீங்களான்னு பாத்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைப் பத்தியே பேசினீங்க.”

அவள் முகம் அப்போது எப்படியிருந்தது என்று சொல்வதற்கில்லை. குரல் உடைந்திருந்தது. அவர் நாற்காலி அவள் பக்கம் இழுபட்டது. பிறகு ஏதோ சொன்னார். மிக மிக மெதுவாகச் சொன்னார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். அதற்கு அந்த மணி அடித்த அடியை இன்றும் மறக்க முடியாது. தீயணைப்பு வண்டிகூட அப்படி அடிக்காது. திருகாணிகள் கிறீச்சிட்டன. பெட்டி ஒருமுறை விக்கியது. பிறகு மணியும் நின்றது.

“போச்சு” என்றார் அவர், இந்த முறை சாதாரணக் குரலில். “லினக்ஸ் கையை விரிச்சுடுச்சு. இனிமே எழுத முடியாது, இருக்கறதைப் படிச்சுக்கோங்குது.”

“நாம அன்பா நாலு வார்த்தை பேசினது அதுக்குப் பொறுக்கலையா?” என்றாள் டீச்சர். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

அதே நேரம் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவர் மருந்துக்கடைக்காரர். அப்போதுதான் எடுத்த படம் போய்ச் சேராமல் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அன்று எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தார் என்பதை, மறுநாளிலிருந்து வாயை மூடாமல் எல்லோருக்கும் சொன்னார்.

டாக்டர் போனில் கூப்பிடுவதற்குள், சர்வர்காரர் பெட்டியைத் தட்டிலிருந்து கழற்றி, குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவில் ஓடினார். பின்னாலேயே டீச்சர் கேபிளோடு ஓடினாள். கிளினிக்கில் பெட்டியை வைத்து, டிஸ்க்கைச் சரிபார்த்து, மறுபடி ஓட விட்டார்கள். ஓடியது. படம் வந்தது. பல்லும் வந்தது.

டாக்டர் பல் குடையும் மெஷினைப் போட்டார். வலியில் ஒருவர் அலறினார். வரவேற்பறையில் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டு அழுதன. பெட்டி சமர்த்தாக முனகிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு இரைச்சல்லயும் நல்லாத்தானே ஓடுது? அப்ப குறை பெட்டியில இல்லை, உங்க வீட்லதான்” என்றார் டாக்டர். “நல்ல வீடா பாத்துக்கிட்டுப் போங்க தம்பி. அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்.”

வேலை பிழைத்தது. அவர்கள் வீடு பார்த்தார்கள். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், நான்கு பக்கமும் கல் சுவர் வைத்த தனிவீடு. போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு மணிகூட அடிக்கவில்லையாம். சத்தமாகவும் பேசுகிறார்களாம், மெதுவாகவும் பேசுகிறார்களாம். என்ன பேசுகிறார்கள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. காலி செய்த பகுதிக்கு அப்புறம் வந்தவர் தனி ஆள், பேச்சுத் துணையே இல்லாதவர். கட்டடம் களையிழந்துவிட்டது.

வண்டியில் சாமான் ஏற்றிய அன்று டிரைவர்தான் கூடமாட உதவினார். கடைசியாக அந்தத் தட்டைப் பலகையிலிருந்து கழற்றும்போது, திருகாணி துளைத்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, சர்வர்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“புது வீட்லயாவது கொஞ்சம் கேக்கற மாதிரி பேசுங்க தம்பி. நீங்க மெதுவா பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க வீட்டம்மா அந்தப் பக்கம் இந்தத் தட்டு இருக்கற இடமாப் பாத்து, முழு உடம்பையும் சாய்ச்சு, காதை அழுத்தி அழுத்திக் கேட்டு, தோள்பட்டையே இறங்கிப் போச்சு.”