மெடல் கிணறும் எனக்கு வந்த வாந்திபேதியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கோழைத்தனத்தைப் பொறுக்க வேண்டாம். பதினாறு வயதில், ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற கழுதை நான்.

உலகச் சண்டை முடிந்த வருசமோ, அதற்கு அடுத்ததோ. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அக்கம்பக்கத்தில் வாந்திபேதி என்று பேச்சு. எங்களைக் காப்பாற்ற காலேஜ் பையன்கள் பதினைந்து பேர் காக்கிக் கால்சட்டையோடு வந்து இறங்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். நோயாளியைத் தூக்க மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டில் மாதிரி ஒன்று செய்திருந்தார்கள். ஆள் கிடைக்காமல் ஒருவரையொருவர் தூக்கிப் பழகினார்கள்.

நோயாளி அகப்படாததால் கிணறு தோண்டினார்கள். எங்கள் மணலில் முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்குக் கீழே போனால் உப்பு. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விசயம், பி.ஏ. படிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

"தம்பி, இதோட நிப்பாட்டுங்க. கீழ போனா உப்பு வந்திரும்" என்று என் அப்பாவின் தங்கை செபஸ்தி அத்தை சொன்னாள்.

அவர்களுடைய லீடர் சிரித்தார். (கண்ணாடி போட்டவர். எந்தப் பெண்ணைக் கண்டாலும் 'சகோதரி'. பெட்டை ஆட்டையும் விடமாட்டார்.) "ஆழம் போகப் போகத்தான் சுத்தம், சகோதரி. இது விஞ்ஞானம்."

விஞ்ஞானம் இருபதடி போனது. மீன்கூட குடிக்க யோசிக்கும், அப்படி ஓர் உப்பு. அதோடு விட்டார்களா? நாங்கள் குடித்துவந்த ஊற்றுக்குழிகளில் கிருமி என்று சொல்லி, சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டார்கள். பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தோம்.

பிறகு பார்த்தால், ஊருக்குத் தொண்டு செய்ததற்காக லீடருக்கும் கூட்டாளிகளுக்கும் மெடலாம். பெரிய அதிகாரி ஒருவர் வந்து குத்திவிடப் போகிறாராம். கிணற்றுத் தண்ணீரை அவர் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் என்று எழுதிவிட்டால், குழிகளை இனி யாரும் திறக்கக்கூடாது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கிற பெண் நான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவேன் என்பதுதான் என் தகுதி.

விழாவன்று காலையில் லீடர் ரகசியமாக வந்தார். "சகோதரி, தொலைவிலிருந்து சுமந்து வருகிறீர்களே, அந்தத் தண்ணீரையே அதிகாரிக்குக் கொடுத்துவிடுங்கள்." தலையாட்டினேன்.

அவர் போனதும் அத்தை வந்தாள். "ஏளா ரோசம்மா, கிணத்துத் தண்ணியவே குடு. அவரு மூஞ்சி போற போக்குல நம்ம குழி தொறந்திரும். என்னன்னு கேட்டா உப்புன்னு சொல்லு. ஒத்த வார்த்தை, அம்புட்டுத்தான்." அதற்கும் தலையாட்டினேன்.

அதனால் இரண்டு செம்பு. ஒன்றில் இது, ஒன்றில் அது. மேடையேறிய பிறகு எதற்குத் தைரியம் வருகிறதோ அதைக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். (ஆமா, பெரிய திட்டம்.) ஏறினேன். மாலை, தொப்பி, தட்டு நிறைய மெடல். எந்தச் செம்பில் எது என்பது மறந்தே போயிற்று.

அதிகாரி கையை நீட்டினார். நான் கொடுக்காமல் அந்தப் பக்கம் திரும்பி, அண்ணாந்து, ஒரு செம்பை என் வாயில் ஊற்றிப் பார்த்தேன். அவசரத்தில் பாதிச் செம்பு உள்ளே போய்விட்டது. உப்பென்றால் உப்பு. புரையேறித் திரும்பினேன். உள்ளே போனதெல்லாம் அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையிலும் மெடல் தட்டிலும் வந்து விழுந்தது.

"என்னம்மா, தண்ணீர் சரியில்லையா?" அவர் பொறுமையாகத்தான் கேட்டார். முன்வரிசையில் அத்தை "சொல்லு, சொல்லு" என்று வாயை அசைக்கிறாள். நான் தலையாட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியாது.

அது எந்தத் தண்ணீர் என்று லீடருக்குத் தெரிந்துவிட்டது. "வாந்திபேதி. தூக்குங்கள்" என்று கத்தினார்.

ஒரு மாதமாக ஆள் தேடிக்கொண்டிருந்த நாலு பேர் மூங்கில் கட்டிலோடு பாய்ந்து வந்தார்கள். "ஏலே, அவளுக்கு ஒண்ணுமில்லலே, உப்புத் தண்ணிலே" என்று அத்தை கத்தியது, அவர்கள் என்னைத் தூக்கியதற்கு விழுந்த கைதட்டலில் அமுங்கிப்போனது. எழுந்து நடந்திருக்கலாம். வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதைப் பார்த்தவர்கள் நான் செத்தே போனேன் என்று நினைத்தார்கள்.

மூன்று நாள் ஓலைக்கொட்டகையில் வைத்து ஊசியும் கஞ்சியுமாக என்னைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஒன்று. பயந்துபோன அதிகாரி, ஈர மெடல்களை அவசரமாகக் குத்திவிட்டுக் காரில் ஏறிவிட்டார். தண்ணீரைத் தொடவுமில்லை, எதையும் எழுதவுமில்லை. மறுநாளே பெண்கள் தேங்காய்ச் சிரட்டையால் குழிகளைத் தோண்டிவிட்டார்கள். முதலில் டம்ளரோடு வந்து நின்றவர்கள் மெடல்காரர்கள்தான்.

அத்தை கொட்டகை வாசலில் நின்று சொன்னாள்: "குழி தொறந்தாச்சு. ஒன்னால இல்ல. ஒத்த வார்த்தைக்கு வக்கில்லாதவ, கெடந்து கஞ்சியக் குடி."

பின்னாளில் அந்தக் காலேஜ் போட்ட மலரில், சாகக் கிடந்த எட்டு வயதுச் சிறுமியை லீடர் தன் கையால் காப்பாற்றியதாக இருக்கிறதென்று என் பேத்தி வாசித்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மருமகள் குழம்பை வைத்துக்கொண்டு உப்புப் பார்க்கக் கூப்பிட்டால், "அம்மாட்ட கேக்காத, கட்டிலோட தூக்கிட்டுப் போயிருவாவ" என்பான் என் மகன்.

வருசம், மெடல் கணக்கு, கொட்டகையில் இருந்தது மூன்று நாளா நாலா என்பதையெல்லாம் விவரம் தெரிந்த யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். மலரில் உள்ள எட்டு வயதையும் பதினாறாக்கிவிடுங்கள். கிணற்றைப் பற்றி மட்டும் யாரையும் கேட்க வேண்டாம். கோயிலுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் உப்பு. சொல்லிவிட்டேன்.