ஆகாயத்தில் போட்ட சிவப்புக் கோடு

உலகத்துக்கே குடவோலையைத் தந்த உத்திரமேரூர், ஆகாயத்தையும் சும்மா விடாது என்று 1962-லேயே நிரூபித்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால், விண்வெளி ஆராய்ச்சிச் சங்கத்தின் உறுப்பினர் எழுவர். நான் காரியதரிசி. தலைவர், ஏரிக்குக் கீழே முப்பது காணி வைத்திருக்கும் பச்சமுத்து.

சென்னைப் பேராசிரியர் ஒருவர் எங்களை நம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கறுப்புப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திர மண்டலமாம். அவை கூட்டம் கூட்டமாக வாழுமாம். எத்தனை புள்ளி, எப்படிக் கூடியிருக்கின்றன என்று நாங்கள் சொல்ல வேண்டும். எழுவருக்கும் வெள்ளெழுத்து. ஆகவே விதைநெல்லில் கலப்பு பொறுக்குவதில் கெட்டிக்காரியான மலர்க்கொடியை 'விஞ்ஞான உதவிக்கு' அழைத்தோம்.

சேரிப் பெண் என்பதால் ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் உட்காரவைத்தோம். அவள் கொண்டுவந்த முறத்திலேயே, கைபடாமல், படத்தைப் போட்டோம். ஆராய்ச்சியில் சுத்தம் முக்கியம் அல்லவா!

மூன்று நாள் எண்ணினாள்.

"நூத்தி நாப்பத்திமூணுங்க. ரெண்டு கும்பலு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கினு கீதுங்க."

தலைவருக்கு வேர்த்துவிட்டது. "நடுவுல எம்மாம் எடம் வுட்டுக்கீது?"

"எடமே இல்லீங்க."

"இன்னா பேஜாரு இது! ஊருன்னா ஊரு, சேரின்னா சேரி. ஆகாசத்துல மட்டும் கலந்துடுமா?"

விஷயத்தை ஜனநாயக முறைப்படி தீர்த்தோம். பானை வந்தது, ஓலை வந்தது. ஏழு ஓலையும் 'இடைவெளி உண்டு' என்றன. உடனே நான் அடிஸ்கேல் வைத்து, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சிவப்பு மசியில் கோடு கிழித்து, அறிக்கையோடு அனுப்பினேன். கோடு வெகு நேர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பதில் வந்தது. ஜன்னலோரம் மலர்க்கொடி நிற்பதைக் கவனிக்காமல் உரக்கப் படித்துவிட்டேன்.

'எண்ணிக்கை அபாரம். ஆனால் இடைவெளி ஏதும் இல்லை; இரண்டு கூட்டங்களும் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கலாம் என்றே நாங்கள் நினைக்கிறோம். முழுக்கச் சேர நூறு கோடி வருஷம் ஆகலாம். எண்ணியவர் யார்? கட்டுரையில் பெயர் போட வேண்டும். அடுத்த படத்துக்கு அவருக்கு நல்ல மேசையும் லென்ஸும் கொடுங்கள். இன்னொன்று: சிவப்புக் கோடு போட்டுப் படத்தைப் பாழாக்கியவர் யார்?'

மலர்க்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப நானு உள்ள வந்து குந்தட்டுங்களா? எம்பேரப் போடுவீங்களா?"

தலைவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "அதுங்க சேரவே நூறு கோடி வருசம் ஆவுதாம். ஒனக்கு இன்னா அவசரம்?"

அவள் சிரித்தேவிட்டாள். "சரிங்க. அதுவரிக்கும் நீங்களே எண்ணிக்கினு இருங்க!" முறத்தைத் தட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடவுக்குப் போய்விட்டாள். அடுத்த படம் வந்து இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. இதுவரை பதினொரு புள்ளி எண்ணியிருக்கிறோம். அதில் நாலு, ஈ எச்சம்.

அது கிடக்கட்டும். பேராசிரியருக்குப் பதில் எழுத அவசரக் கூட்டம் கூட்டினோம். இரண்டு கேள்விக்கும் ஏகமனதாக, ஒளிவுமறைவின்றி எழுதினோம். எண்ணியவர்கள்: சங்க உறுப்பினர் எழுவர். கோடு போட்டவர்: மலர்க்கொடி.

பேர் போடச் சொல்லிக் கேட்டாளே, போட்டுவிட்டோம்.