பதினான்காம் நம்பர் மனை

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கிற அறுபத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட நம்ம வார்டுல இல்லையே" என்று மனுவைத் திருப்பி நீட்டினாள் வார்டு ஆபீஸ் கிளார்க் மா தீடா.

தஸ்தகீருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல் மெஷின் ரிப்பேர் கடையை நான்கு நாள் பூட்டிவிட்டு, யாங்கூன் தாமுவே பேட்டையின் மாடிப்படிகளை முழங்கால் வீங்க ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்துகள் அவை.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? எல்லாரும் எங்க தெருக்காரங்க. வேலம்மா இங்கயே பொறந்து இங்கயே பேரன் எடுத்தவங்க!"

"குடும்பப் பட்டியல்ல வேலம்மான்னு யாரும் கிடையாது. சபாபதியும் கிடையாது. நீங்களும் கிடையாது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தத் தெருத் தமிழர்களுக்குப் பெயர் இரண்டு. வீட்டில் கூப்பிட ஒன்று, அடையாள அட்டையில் ஊ, டோ என்ற மரியாதை முன்னொட்டோடு பர்மியப் பெயர் ஒன்று. இரண்டாவது பெயர் பள்ளியில் சேர்க்கும்போதும் ஆஸ்பத்திரியில் படுக்கும்போதும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அட்டையோடு சேர்ந்து பெட்டிக்குள் தூங்கும். அட்டையில் தஸ்தகீர், ஊ தெய்ன் துன். அதை நினைவு வைத்திருப்பவர் உலகத்தில் அவர் மனைவி ஹாஜரா ஒருத்திதான்.

"கார்டுல இருக்கிற பேரா எழுதி வாங்கிட்டு வாங்க. வியாழக்கிழமை விசாரணை" என்றாள் மா தீடா. பிறகு மனது கேட்காமல், "வெயில்ல ரொம்ப அலையாதீங்க" என்றும் சொன்னாள்.

அலையாமல் எப்படி? அவர் மகள் ஸமீராவின் மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கிறது. மழை வந்தால் பிள்ளைகளும் நனைவார்கள், பாடமும் நனையும். போன மழையில் ஸமீராவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பதினொரு நாளும் தஸ்தகீர் அழாத அழுகையில்லை. இந்த வருஷம் புதுக் கட்டடத்துக்கு அரசுப் பணம் வந்துவிட்டது. கட்டத்தான் இடமில்லை. மார்ச் முடிவதற்குள் இடம் காட்டாவிட்டால் பணம் வந்த வழியே போய்விடும்.

பள்ளியை ஒட்டிப் புதர் மண்டிக் கிடக்கும் பதினான்காம் நம்பர் மனைதான் ஒரே நம்பிக்கை. அது யாருடையது என்று ஊருக்கே தெரியாது. தலைமையாசிரியை தேடிக்கொண்டிருந்தபோதுதான் வார்டு ஆபீஸ் பலகையில் அந்த நோட்டீஸ் தொங்கியது: 'ஊ தின் மாங் என்பவர் தமது பதினான்காம் நம்பர் வீட்டு மனையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி கோருகிறார். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.'

வேறு பயன்பாடு என்றால் என்ன, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தஸ்தகீர் கேட்டுப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு ஆள்கிட்ட எழுதிக் குடுத்தனுப்பியிருக்கார்" என்றுவிட்டாள் மா தீடா. யாங்கூனில் கல்லை விட்டெறிந்தால் நாலு தின் மாங் தலையில் விழும். எவனென்று தேடுவது?

ஒளிகிறவன் நல்ல காரியத்துக்கா ஒளிவான் என்று தஸ்தகீர் முடிவு கட்டினார். அந்த மனிதரை அன்று முதல் மனதார வெறுத்து, ஆட்சேபணை மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்.

மா தீடா மனுவைத் திருப்பிய மறுநாள் மறுபடி படியேறினார். சும்மா கையெழுத்துக் கேட்டபோது காரணம் கேட்காமல் போட்டவர்கள், அட்டையைக் கேட்டதும் விழித்துக்கொண்டார்கள்.

"கார்டு எடுக்கணும்னா என்ன ஏதுன்னு தெரியணும்ல? அங்க என்னதான் வரப்போவுது?" என்று கேட்டாள் வேலம்மா.

"கிடங்கு வரும்போலக்கா."

"வரட்டுமே. என் மருமவனுக்கு மூட்டை தூக்குற வேலை கிடைக்கும்."

அடுத்த மாடியில் தஸ்தகீர் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். "ராப்பகலா பெரிய ஜெனரேட்டர் ஓடுமாம் சபாபதியண்ணே."

"அப்படியா? நமக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுப்பாங்களா?"

"பீர்க்கடை வந்தாலும் வரலாம்ணே."

சபாபதி கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எப்போ தொறக்கிறாங்க?"

படியிலேயே உட்கார்ந்து தஸ்தகீர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் ஸமீராவின் இருமல் காதிலேயே இருந்தது. ஆண்டவனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"ங்கப்பிக் கிடங்கு வருதுங்க" என்றார் அடுத்த வீட்டில்.

மீனையும் இறாலையும் ஊறவைத்து இடித்த ங்கப்பி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அமிர்தம்தான். அதுவே சுவருக்கு அந்தப் பக்கம் பீப்பாய் பீப்பாயாக இருந்தால்? சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு அட்டைகளும் பெட்டியைவிட்டு வெளியே வந்தன. கையெழுத்துப் போட்ட கையோடு எல்லோரும் ஊ தின் மாங்கின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். மனைக்கு எதிர்வீட்டுக் கலா ஒரு படி மேலே போய், இப்போதே நாறுகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த அறுபத்திரண்டில் சேராதவர் ஒரே ஒருவர், மூன்றாம் மாடி மீரா முகைதீன். ஒருகாலத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர். எண்பது வயது, காது மந்தம், பிள்ளைகுட்டி இல்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று பெயரெடுத்தவர். ஸமீராவின் வகுப்புக்குத் தார்ப்பாய் வாங்க நன்கொடை கேட்டதற்கு, தார்ப்பாயின் கெடுதல்கள் பற்றி அரைமணி நேரம் பேசி அனுப்பியவர்.

"கார்டை வேறொரு சோலிக்குக் குடுத்திருக்கேன் மாப்பிள்ளே. இது என்ன மனு?"

"ஸ்கூலுக்காக மாமா!" என்று தஸ்தகீர் காதருகே கத்தினார். "வியாழக்கிழமை வார்டு ஆபீஸ்ல விசாரணை!"

கிழவர் முகம் மலர்ந்தது. "ஸ்கூலுக்காகத்தானே? அதுக்குத் தெருவே வருதா? மாஷா அல்லாஹ்! நானும் வர்றேன்."

கையெழுத்து இல்லாவிட்டாலும் கூட்டத்துக்கு ஒரு தலை ஆகட்டும் என்று தஸ்தகீர் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை வார்டு ஆபீஸ் கூடத்தில் கரண்ட் இல்லை. வார்டுத் தலைவர் விசிறிக்கொண்டிருந்தார். மா தீடா ஆட்சேபணைக்காரர்களின் பெயர்களைப் படித்தாள்.

"டோ சான் யீ!"

யாரும் எழவில்லை.

"ஊ மியா மாங்!"

எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

"நேர்ல வந்து பதில் சொல்லாத பேரை அடிச்சிடுவோம்" என்றார் தலைவர். தஸ்தகீர் கையிலிருந்த பட்டியலோடு பெஞ்சுக்குப் பெஞ்சு ஓடினார்.

"அக்கா எந்திரிங்க, டோ சான் யீ நீங்கதான்!"

"நானா? அட ஆமா! கடைசிப் பிரசவத்துல நர்சு கூப்பிட்டது!" என்று வேலம்மா எழுந்தாள்.

சபாபதி ஊ மியா மாங்குக்கும் எழுந்தார், அடுத்த பெயருக்கும் எழுந்தார். அது ஜமாலின் பெயர். ஜமால் அவர் கைலியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். தஸ்தகீர் ஒவ்வொருவரையும் விலாவில் குத்தி எழுப்பி, ஒரு பெயர் குறையாமல் அறுபத்திரண்டையும் கரைசேர்த்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீரா முகைதீனுக்குப் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். கிழவர் புதுக் கைலி உடுத்து அத்தர் பூசி, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இனி மனுதாரர்" என்றார் தலைவர். "மூணு தடவை கூப்பிடுங்க."

"ஊ தின் மாங்!"

கூடம் வாசலைப் பார்த்தது. எந்த மாதிரி முகமோ என்று கலா எட்டிப் பார்த்தாள்.

"ஊ தின் மாங்!"

யா அல்லாஹ், அவன் வராமல் இருக்கட்டும் என்று தஸ்தகீர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

"ஊ தின் மாங்!"

வாசலில் ஒரு நாய் மட்டும் நின்றது. தலைவர் காத்திருந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். "மனுதாரர் வரலை. ஆட்சேபணை அறுபத்திரண்டு. மனு தள்ளுபடி. ஒரு வருஷத்துக்கு அவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது."

கூடம் கைதட்டியது. வேலம்மா தஸ்தகீரின் தலையைத் தொட்டு நெட்டி முறித்தாள். தஸ்தகீருக்குக் கண் நிறைந்தது. ஒரு வருஷம் சும்மா கிடக்கப்போகிற மனையை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்வார்? தலைமையாசிரியை ஆளைப் பிடித்துக் கேட்டால் பள்ளிக்கு விற்றுத்தானே ஆகவேண்டும்? அடுத்த மழையில் ஸமீரா நாலு சுவருக்குள் உட்கார்ந்து படிப்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை முழுசாக முடித்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மீரா முகைதீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்களே மாப்பிள்ளே, அந்தப் பதினாலாம் நம்பர் மனையை ஸ்கூலுக்கு எழுதி வைக்க நான் போட்ட மனுவை எப்போ கூப்பிடுவாங்க?"