மிளகுக் கொடிக்குப் போர்த்திய வேட்டிகள்

கலஹா,
பங்குனிக் கடைசி.

அன்புள்ள தம்பி பெரியதம்பிக்கு,

உன் நல்லம்மா அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். முதலில் முக்கியமான செய்தி. உன் அத்தான் உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போதும் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வத்தேகமவில் யாராவது வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நம்பாதே. நேற்று நீ எடுத்த அழைப்புக்கு நான் பதில் சொல்லாததற்குக் காரணம், நீ போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் துணி தைப்பாய். எங்கள் வீட்டு விஷயத்தை உன் தையற்கடை வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டியதில்லை.

போஸ்ட் மாஸ்டர் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் உன் அத்தானுக்கு வெற்றிலையும் புகையிலையும்தான் உத்தியோகம் என்பது உனக்குத் தெரியும். அந்த வெற்றிலைத் தட்டைப் பங்குபோட்டவனே நீதானே. தை மாதம் பல் டாக்டர் அவர் வாய்க்குள் ஒரு வெள்ளைத் தழும்பைக் கண்டு, இப்போது பயமில்லை, ஆனால் இன்றோடு நிறுத்துங்கள் என்றார். மனுஷன் அன்றே நிறுத்திவிட்டார். நான் பெருமைப்பட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வெற்றிலையோடு பேப்பர் வாசிப்பது நின்றது, கிரிக்கெட் பார்ப்பது நின்றது, நித்திரை நின்றது, என்னோடு சண்டை பிடிப்பதும் நின்றது. ஒரு நாள் சோதித்துப் பார்க்க உப்பே போடாமல் கறி வைத்தேன். ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். அன்றைக்குத்தான் தம்பி எனக்குப் பயம் பிடித்தது. அடுப்படியில் நின்று அழுதேன்.

கண்டிக்குக் கூட்டிப்போய் அனீஸா என்ற மனநல டாக்டரிடம் காட்டினேன். சின்னப் பிள்ளை, நான் படிப்பித்த பிள்ளைகளின் வயதுதான், ஆனால் தெளிவாகச் சொன்னார். புகையிலை போடப் போட, ஆசையைக் கிளப்பும் டோபமின் என்ற இரசாயனம் மூளையில் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறதாம். மூளையும் தாங்க முடியாமல் அதை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் சிலவற்றை மூடிவிடுகிறதாம். திடீரென்று புகையிலையை நிறுத்தினால் மற்ற எதுவும் உறைக்காதாம். ஓய்வுபெற்ற நாளில் இருந்தே உள்ளுக்குள் இருந்த மனச்சோர்வை வெற்றிலை மூடி வைத்திருந்ததாம், இப்போது அது வெளியே தெரிகிறதாம். "வாசல் எல்லாம் மெல்ல மெல்லத் தொறக்கும் டீச்சர். நான் தாற குளிசை மருந்து வேலை செய்யவும் சில கிழமை போகும். சிரிக்கிறாரா அழுறாரா எண்டு பாக்காதீங்க. எனக்கு இது வேணும் எண்டு அவரே வாய் தொறந்து ஒண்டு கேட்டா, அண்டைக்கே எனக்குச் சொல்லுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். வெற்றிலையைக் கண்ணால் கண்டாலே போதுமாம், வாயில் போடும் முன்னமே மூளை துள்ளத் தொடங்கிவிடுமாம்.

அது போதாதா எனக்கு? தட்டு, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். வெற்றிலை போடுகிற ஒருவரையும் வாசல் படலைக்கு உள்ளே விடவில்லை. கலஹாவில் வெற்றிலை போடாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்தது மின்சாரப் பில் கொடுக்கிறவர் மட்டும். அப்படியும் ஒரு நாள் உன் அத்தான் ஜன்னலால் எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் திங்கிரி பண்டாவின் வேலியோரப் பலாமரத்தில் மிளகுக் கொடி. இலையைப் பார்த்தால் அசல் வெற்றிலை! வெட்டச் சொன்னேன். "டீச்சர், காய்க்கிற கொடிய எப்படி வெட்டுறது?" என்றார் அந்த மனுஷன், அதுவும் நியாயம்தான். சரி, மூடியாவது வைப்போம் என்று உன் அத்தானின் வெள்ளை வேட்டிகளைத் தோய்த்து எடுத்து, மரத்தைச் சுற்றி உயரமாகக் கட்டிவிட்டேன்.

வெள்ளைத்துணி கட்டினால் சாவு வீடு என்றுதான் ஊர் நினைக்கும் என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. ஏற்கெனவே படலையைப் பூட்டி வைத்து ஆளைக் கண்ணில் காட்டாத வீடு வேறு. மத்தியானத்துக்குள் மரண உதவிச் சங்கத்து லொறி வந்து நின்றது. கூடாரத் தகரம், பிளாஸ்டிக் கதிரை, தேயிலை, சீனி, பின்னால் ஒரு ஊர்வலமே. தலைவர் கணபதி "ஐயா..." என்று குழறி அழுதுகொண்டு உள்ளே ஓடிவந்தவர், கதிரையில் இருந்த ஐயாவைக் கண்டு அப்படியே நின்றார்.

"ஐயா, நீங்க இருக்கீங்களா! அப்ப யாரு, டீச்சரா?"

நான் அகப்பையோடு அடுப்படியில் இருந்து வந்தேன். கணபதிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் யாரும் போகல கணபதி. கதிரைய எறக்கிட்டீங்க, உக்காந்துட்டுப் போங்க" என்றார். சிரித்தார், தம்பி. தையில் இருந்து காணாத சிரிப்பு. எல்லோரும் உட்கார்ந்து, அவருக்கு வந்த தேயிலையில் அவருக்கே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். எல்லார் வாயிலும் வெற்றிலை. அவர் ஒரு துண்டு பாக்குக்கூடக் கேட்கவில்லை. ஆனால் லொறி போனதும் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உடனே டாக்டருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அந்தப் பிள்ளை சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு சொன்னார்: "டீச்சர், நான் வெத்திலையத்தான் எடுக்கச் சொன்னேன். ஆக்களையும் எடுக்கச் சொல்லல்லியே. ஆக்களும் அவருக்கு மருந்துதான்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது வேட்டிகளை அவிழ்த்துவிட்டேன். படலையும் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், வருகிறவர்கள் வாயைக் கொப்புளித்துவிட்டு வரலாம்.

ஆனால் நீ மட்டும் வரக்கூடாது. கோபிக்காதே. மற்றவர்கள் வெற்றிலை போடுகிறவர்கள், நீ வெற்றிலையேதான். உன் முகத்தைக் கண்டாலே அவருடைய மூளை தட்டைத் தேடும். சித்திரைப் புத்தாண்டுக்கு வழக்கம்போல வெற்றிலைக் கட்டோடு வந்து அத்தான் காலில் விழ நினைத்திருப்பாய். இந்த வருஷம் அங்கிருந்தே கும்பிட்டுக்கொள். எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. உன் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல். பலகாரத்தை யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா நல்லம்மா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். "பெரியதம்பிய வரச் சொல்லு நல்லம்மா. எனக்கு அவனப் பாக்கணும்" என்றார். அவரே வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டார், தம்பி! மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. வாய் நிறைய வெற்றிலையோடு வந்தாலும் பரவாயில்லை, புத்தாண்டு வரைக்கும் காத்திராதே, கடையைப் பூட்டிவிட்டு நாளைக்கே பஸ் ஏறு. கடிதம் வந்து சேரும் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை, இப்போதே உனக்குப் போன் எடுக்கிறேன். லவுட் ஸ்பீக்கரில் போடு. கடையில் எல்லோரும் கேட்கட்டும்.